எஞ்சினைத் தாங்கும் ரப்பர்

ஈப்போ, மெங்லெம்பு வட்டாரத்துப் பழைய காடிக்காரர்கள் கூடினால் கே.இ.70 பற்றிய பேச்சு வராமல் போகாது. 1979இல் வெளிவந்த டொயோட்டா கொரோல்லா அது. பெட்டி போன்ற உடல், பின்சக்கர இழுவை, எஞ்சினைச் சுற்றிக் கை நுழையத் தாராளமான இடம். அதோடு வந்தது 1290 சி.சி. 4கே எஞ்சின், அடக்கமானது, எளிதில் சாகாதது. அதை இறக்கிவிட்டு 1587 சி.சி., இரட்டைக் கேம்ஷாஃப்ட் கொண்ட 4ஏ-ஜி.இ. எஞ்சினை ஏற்றுவது மலேசிய இளைஞர்களின் நெடுநாள் ஆசை. அந்த எஞ்சின் பெரும்பாலும் ‘ஹாஃப்-கட்’டாக வரும்: ஜப்பானில் ஓடிய காடியை நடுவில் அறுத்து, எஞ்சின் உள்ள முன்பாதியை மட்டும் கப்பலேற்றி அனுப்புவார்கள்.

மாற்றிப் பூட்டும் பேச்சு குதிரைசக்தியில் தொடங்கும். பிறகு கார்புரேட்டர், வயரிங், ரேடியேட்டர், கிளட்ச். எல்லாம் முடிந்து எஞ்சின் சங்கிலியில் தொங்கும்போதுதான் எஞ்சின் மவுண்டிங் நினைவுக்கு வரும். “கெட்டியா போட்டுருங்கண்ணே, ஆடவே கூடாது” என்பார் காடிக்காரர். ஃபோர்மனும் கையில் கிடைத்ததை வைத்துப் பற்றவைத்து முடிப்பார். இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான எண்ணம். ரப்பர் துண்டை முதலில் முடிவு செய்தால் எஞ்சின் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு இடம் விட்டு உட்கார வேண்டும் என்பதெல்லாம் அதைத் தொடர்ந்து தெளிவாகிவிடும்.

மவுண்டிங்கிடம் நாம் கேட்பவை இரண்டு. எஞ்சினை இடம் பெயராமல் பிடிக்க வேண்டும். அதன் அதிர்வை உடலுக்குள் விடக் கூடாது. முன்னதற்கு விறைப்பு வேண்டும், பின்னதற்கு நெகிழ்வு வேண்டும். எது எவ்வளவு என்பதைச் சிறு கணக்கு ஒன்று சொல்லிவிடும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 750 சுற்றில் சும்மா ஓடும்போது விநாடிக்கு 25 உதைகள், அதாவது 25 ஹெர்ட்ஸ். மறுபக்கம், ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கும் தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. எடையை ஏற்றியதும் ரப்பர் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம்: இறக்கத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் இறங்கினால் சுமார் 8 ஹெர்ட்ஸ். 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 16. அசையும்போது ரப்பர் சற்றுக் கூடுதல் விறைப்பு காட்டும் என்பதால் உண்மை எண் இதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆனால் பட்டறைக் கணக்குக்கு இது போதும்.

உதையின் வேகம் எஞ்சினின் சொந்த ஆட்டத்தைப் போல 1.41 மடங்குக்கு மேல் போன பிறகே ரப்பர் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அது அதிர்வைப் பெருக்கித்தான் தரும். 4 மில்லிமீட்டர் இறங்கும் மவுண்டிங்கில் 25 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஒன்பதில் ஒரு பங்குதான் உடலுக்குப் போகிறது. 1 மில்லிமீட்டர் இறங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. ‘கெட்டியா’ வேண்டும் என்று கடினமான ஒன்றைப் போட்டு, இறக்கம் 0.4 மில்லிமீட்டராகச் சுருங்கினால் சொந்த ஆட்டம் 25 ஹெர்ட்ஸிலேயே வந்து நிற்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது டாஷ்போர்டு கிடுகிடுப்பதும் கண்ணாடியில் பின்னால் வரும் காடி இரண்டாகத் தெரிவதும் இதனால்தான். எஞ்சினில் குறை தேடிப் பிளக்கையும் கார்புரேட்டரையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை சொன்னது மேலும் கீழுமான ஆட்டம். சும்மா ஓடும் எஞ்சினை உண்மையில் அதிகம் அலைக்கழிப்பது உருளல். ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை ஒரு பக்கம் முறுக்க, எஞ்சினின் கூடு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. 1931இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் பிளிமத் பி.ஏ. காடி இதற்கு ஒரு தீர்வோடு வந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின்தான். ஆனால் முன் தாங்கியை உயரத்திலும் பின் தாங்கியைத் தாழ்விலும் வைத்து, இரண்டையும் சேர்க்கும் கோடு எஞ்சினின் எடைமையம் வழியே போகும்படி செய்திருந்தார்கள். தான் இயல்பாக உருள விரும்பும் அச்சிலேயே எஞ்சின் உருண்டது. அந்த உருளலை ரப்பர் விழுங்கிக்கொண்டது. சித்ரோயன் அடுத்த ஆண்டே இந்த அமைப்புக்கான உரிமத்தை வாங்கி, தன் காடிகளின் முகப்பில் நீந்தும் அன்னத்தைப் பொறித்தது. இன்று எந்தக் காடிக்கும் மவுண்டிங் வடிவமைப்பவர் முதலில் தேடுவது இந்த உருள் அச்சைத்தான்.

அச்சைக் கண்டுகொண்டால் அடுத்த கேள்வி ரப்பரை எப்படிச் சாய்ப்பது என்பது. இங்கே ரப்பரின் ஒரு விசித்திர குணம் நமக்குக் கை கொடுக்கிறது. ரப்பர் வடிவம் மாறும், கன அளவு மாறாது. அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கித்தான் ஆக வேண்டும். மேலும் கீழும் இரும்புத் தகட்டோடு ஒட்டிவிட்டால் அந்த விளிம்புகளில் பிதுங்க முடியாது, அதனால் விறைக்கும். ஆனால் ஒரு தகட்டை மற்றதற்கு எதிராகப் பக்கவாட்டில் சறுக்கினால் கன அளவு மாற வேண்டிய தேவையே இல்லை. ரப்பர் மென்மையாக இசைந்து போகும்.

எண்களில் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் தடிமன், ஷோர் அளவில் 60 கடினம் கொண்ட ரப்பர் உருளை. அதன் மேல் 60 கிலோ. நேராக அமுக்கினால் சுமார் 1.3 மில்லிமீட்டர் இறங்கும். அதே எடையைச் சறுக்கும் திசையில் தந்தால் 7 மில்லிமீட்டர் நகரும். 45 பாகை சாய்த்துவைத்தால் இறக்கம் 2.2 மில்லிமீட்டர். முன்பு சொன்ன கணக்கில் போட்டால், நேராக வைத்த ரப்பர் 25 ஹெர்ட்ஸ் அதிர்வில் நூற்றுக்கு 44 பங்கை உடலுக்கு விடுகிறது, சாய்த்துவைத்ததும் 22. ரப்பர் அதே ரப்பர்தான். விலையும் அதே விலைதான்.

சாய்வின் பெரிய பயன் உருளலில் தெரியும். இரு பக்கத் தாங்கிகளின் முகங்களுக்கும் செங்குத்தாகக் கோடுகள் இழுத்தால் அவை எஞ்சினின் உருள் அச்சருகே சந்திக்கும்படி சாய்த்துவிட்டால், எஞ்சின் உருளும்போது இரண்டு ரப்பரும் சறுக்கும் திசையில் மட்டுமே வேலை செய்யும். மேல்கீழாகப் போதிய பிடிப்பு, உருளலில் நல்ல நெகிழ்வு. பழைய பின்சக்கர இழுவைக் காடிகள் பலவற்றின் தாங்கிகள் இப்படிச் சாய்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். மாற்றி அமைக்கும்போது அந்தச் சாய்வைக் கைவிட்டுத் தட்டையான இரும்புப் பலகை மேல் ரப்பரை வைத்துவிடுவது, எளிதாக இருப்பதாலேயே அடிக்கடி நடக்கிற தவறு.

தடிமனும் ஏமாற்றும். மேலே சொன்ன உருளையின் தடிமனை 25இலிருந்து 10 மில்லிமீட்டராகக் குறைத்தால் விறைப்பு இரண்டரை மடங்கு கூடும் என்று தோன்றும். உண்மையில் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது, பிதுங்க இருந்த பக்கவாட்டுப் பரப்பு குறைந்துவிடுவதால். பானெட் மூடவில்லை என்று மெல்லிய மவுண்டிங்குக்கு மாறுபவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. உயரம் பிரச்சினை என்றால் பிராக்கெட்டைத் தாழ்த்த வேண்டும். ரப்பரின் தடிமனில் கை வைக்கக் கூடாது.

ஒட்டிய ரப்பர் கட்டை எவ்வளவு விறைக்கும் என்ற இந்தக் கணக்கை ஆலன் ஜென்ட், லிண்ட்லி என்ற இருவர் 1959இல் வெளியிட்டார்கள். அவர்கள் பணியாற்றியது 1938இல் இங்கிலாந்தில் தொடங்கிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கத்தில். இன்று அது ஹெர்ட்ஃபர்ட் அருகே பிரிக்கன்டன்பரியில், துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் என்ற பெயரில், மலேசிய ரப்பர் வாரியத்தைச் சேர்ந்ததாக இருக்கிறது. அந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய பணம் மலாயாவிலிருந்து ஏற்றுமதியான ரப்பர் மேல் விதிக்கப்பட்ட வரியிலிருந்து போனது. விடிவதற்குமுன் பெரட்டில் நின்று, நிரைக்குப் போய், பட்டையைக் கத்தியால் சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் ஊற்றி, பால் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். உலகின் கட்டடங்களும் பாலங்களும் காடிகளும் இன்று பயன்படுத்தும் இந்தச் சூத்திரத்தில் அவர்களுடைய உழைப்பின் பங்கு இருக்கிறது. ரப்பரின் வரலாற்றை எழுதும் நூல்கள் விதை கொண்டுவந்தவரையும் ஆய்வு செய்தவரையும் பெயர் சொல்லிப் பாராட்டுகின்றன. பால் எடுத்தவர்களைத் ‘தொழிலாளர்’ என்ற ஒற்றைச் சொல்லில் கடந்து போவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மலாயாவில் ரப்பர் மரத்தின் கதை பேராக்கோடு சேர்ந்தே தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ரெசிடென்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்தத் தலைமுறை மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தருகே வேலியிட்டுக் காக்கப்படுகிறது. அங்கிருந்து ஈப்போ வரும் வழியில்தான் சுங்கை சிப்புட். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளரிடமே பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன் அந்த ஊர்க்காரர். இன்று அந்தப் பக்கத்து நிலத்தில் செம்பனைதான் அதிகம்.

எல்லாப் பாலும் மவுண்டிங் ஆவதில்லை. மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலும் பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலும் பெரும்பாலும் டயருக்குப் போகின்றன. எஞ்சின் தாங்கிக்கு ஏற்றது, திரவப் பாலாகச் சேகரித்துத் தொழிற்சாலையில் உறையவைத்த உயர்தரம். 1965இல் வந்த எஸ்.எம்.ஆர். என்ற மலேசியத் தரமுறையில் டயருக்குப் போகும் எஸ்.எம்.ஆர். 20இல் நூற்றுக்கு 0.16 பங்கு வரை அழுக்கு இருக்கலாம். மவுண்டிங்குக்குப் போகும் எஸ்.எம்.ஆர். சி.வி.யில் 0.02க்கு மேல் கூடாது. ஏன் இந்தக் கண்டிப்பு? தாங்கி நாளெல்லாம் இலட்சக்கணக்கான முறை அசைகிறது. அதன் வெடிப்பு பெரும்பாலும் உள்ளே சிக்கிய ஒரு மண் துகளிலோ பட்டைத் துணுக்கிலோதான் பிறக்கிறது. வெட்டுமுன் மங்கைத் துடைத்து வைத்த கையின் கவனம் தாங்கியின் ஆயுளில் கூடுகிறது.

பிறந்த வெடிப்பும் இயற்கை ரப்பரில் எளிதில் வளர்வதில்லை. மரம் கட்டும் சங்கிலி மூலக்கூறுகள் ஏறக்குறைய முழுக்க ஒரே ஒழுங்கில் அமைந்தவை. வெடிப்பின் முனையில் ரப்பர் மிக அதிகமாக இழுபடும்போது அந்தச் சங்கிலிகள் வரிசையாக நெருங்கிப் படிகமாகின்றன. கிழிய வேண்டிய இடமே அந்த நொடியில் உறுதிப்பட்டுவிடுகிறது. இழுப்பு தளர்ந்ததும் படிகம் கரைந்து பழைய நெகிழ்வு திரும்புகிறது. செயற்கை ரப்பர்களில் பலவற்றுக்கு இந்தக் குணம் இல்லை, அல்லது இவ்வளவு இல்லை.

இயற்கை ரப்பரின் எதிரிகள் மூன்று: எண்ணெய், வெப்பம், ஓசோன். எண்ணெய் பட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். 70, 80 பாகை செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் மெல்ல இறுகி வெடிக்கும். ஆகவே புது எஞ்சினின் புகைக்குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத் தாங்கிக்கு ஒரு தகட்டு மறைப்பு கட்டாயம் போட வேண்டும். வால்வு மூடியிலோ ஆயில் ஃபில்டர் அருகிலோ கசிவு இருந்தால் எஞ்சினை ஏற்றுவதற்குமுன்பே நிறுத்த வேண்டும். நியோப்ரீன் ரப்பர் எண்ணெயை ஓரளவு தாங்கும். ஆனால் கசிவை நிறுத்திவிட்டு இயற்கை ரப்பரைப் போடுவதே நல்ல வழி.

பாலியூரித்தேனை ஆசைப்பட்டுக் கேட்பவர்கள் அதிகம். நிறமும் அழகு, எண்ணெய்க்கும் அஞ்சாது. ஆனால் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஷோர் 75க்கு மேல், 90ஐத் தாண்டியும் போகும். எஞ்சின் தாங்கிக்கு வழக்கமான ரப்பர் 45க்கும் 60க்கும் இடைப்பட்டது. கடினம் 40இலிருந்து 60 ஆனாலே ரப்பரின் சறுக்கு விறைப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கூடிவிடும். 90 எங்கே போய் நிற்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். பந்தயத்தளத்தில் மட்டும் ஓடும் காடிக்கு அது பொருந்தும். குடும்பத்தோடு தைப்பூசத்துக்குப் பினாங்கு போய்வரும் நாற்பது வயதுக் காடிக்கு வேண்டாம். அதன் பற்றவைப்புப் புள்ளிகள் அத்தனை உதையையும் வாங்கிக்கொண்டிருக்கும். நீர்மம் அடைத்த புதுவகைத் தாங்கிகள் சிறந்தவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட எஞ்சினின் எடைக்கும் அதிர்வுக்கும் இசைவிக்கப்பட்டது. வேறு காடியில் அந்த இசைவு கிடைக்காது.

இனி விசை. 4ஏ-ஜி.இ.யின் முறுக்கம் 150 நியூட்டன் மீட்டருக்கு அருகே. பழைய 4கே தந்தது ஏறக்குறைய 100. டி50 கியர்பாக்ஸின் முதல் கியர் 3.587 மடங்கு. பெருக்கினால் 538. இவ்வளவு முறுக்கம் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கிறது. தாங்கிகள் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 110 கிலோ எடைக்குச் சமமான விசை: வலப்பக்கம் அழுத்துகிறது, இடப்பக்கம் தூக்குகிறது. இடத்தாங்கி மேல் உட்கார்ந்திருப்பது 60 கிலோதான் என்றால், மீதி 50 கிலோ ரப்பரை இரும்பிலிருந்து பிய்க்க இழுக்கிறது. ரப்பருக்கும் இரும்புக்கும் உள்ள ஒட்டு அமுக்கத்தையும் சறுக்கலையும் தாங்கும். நேரான இழுப்பைத் தாங்க அஞ்சும். சாய்ந்த தாங்கியை நான் வலியுறுத்துவதற்கு இது இன்னொரு காரணம்.

பிய்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பார்த்துவிட்டது. 1960களின் செவர்லே காடிகளில் இடத்தாங்கி பிய்ந்து, எஞ்சின் ஒரு பக்கம் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்தது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 67 இலட்சம் காடிகளைத் திரும்ப அழைத்து, எஞ்சின் எழும்பாமல் பிடிக்கும் கட்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தது. எனவே ரப்பர் முழுக்கப் பிய்ந்தாலும் எஞ்சின் எழ முடியாதபடி இரும்பே இரும்பைக் கவ்விக்கொள்ளும் வகைத் தாங்கியைத் தேர்ந்தெடுங்கள். அது கிடைக்காவிட்டால் இடப்பக்கம் ஒரு சிறு தடுப்பு பற்றவையுங்கள். சாதாரண ஓட்டத்தில் அது எஞ்சினைத் தொடாமல் இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

ஹாஃப்-கட்டோடு வந்த மவுண்டிங்கை மறுபடி மாட்டாதீர்கள். முன்சக்கர இழுவைக் காடியிலிருந்து வந்த எஞ்சின் என்றால் அதன் தாங்கிகள் குறுக்காகக் கிடந்த எஞ்சினுக்கு வடிவமைத்தவை, கே.இ.70இல் அவற்றுக்கு வேலையே இல்லை. நெட்டாக உட்கார்ந்த, எடையிலும் முறுக்கத்திலும் உங்கள் எஞ்சினுக்கு நெருங்கிய ஒரு காடியின் புதுத் தாங்கியை வாங்கி, அதற்கேற்றபடி பிராக்கெட் செய்வது சிறந்த வழி. வாங்குமுன் ரப்பர் இரும்போடு சேரும் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். அங்கே பிரிவு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிராக்கெட்டின் உயரம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. கியர்பாக்ஸின் வால் அச்சும் பின் ஆக்ஸிலின் நுழைவு அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு மூட்டுகளும் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது சமன்செய்யாது, வேகத்தில் காடி முனகும். அந்த முனகலுக்கு மவுண்டிங் ரப்பரைக் குறை சொல்வார்கள். கோணத்தை அளக்க மாட்டார்கள். ஆயில் சம்ப்பும் குறுக்குச் சட்டமும், மின்விசிறியும் ரேடியேட்டரும், புகைக்குழாயும் ஸ்டீயரிங் தண்டும்: இவற்றுக்கிடையே எஞ்சின் உருண்டாலும் தட்டாத இடைவெளி வேண்டும். நாம் கணக்கிட்ட ரப்பர் உருளை, முதல் கியரில் முழு முறுக்கத்தில் 13 மில்லிமீட்டர் வரை சறுக்கும். இந்த வேலைகளோடு ஜேபிஜே அனுமதியும் புஸ்பாகோம் சோதனையும் கிராண்டில் எஞ்சின் எண் மாற்றமும் முடிந்தாக வேண்டும்.

பூட்டும்போது எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாக விட்டு, எஞ்சினின் முழு எடையும் ரப்பரில் இறங்கிய பிறகு, சில நிமிடம் ஓடவிட்டு, அது தானாக உட்கார்ந்த நிலையில் இறுக்குங்கள். முறுக்கிப் பிடித்து இறுக்கிய தாங்கி பிறந்த நாளிலிருந்தே ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகும் எஞ்சின் கொஞ்சம் இறங்கும். எடையின் கீழ் ரப்பர் காலத்தோடு தாழ்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு: முதல் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை எவ்வளவு தாழ்கிறதோ, ஏறக்குறைய அதே அளவுதான் பத்தாம் நாளிலிருந்து நூறாம் நாள் வரை தாழும்; அடுத்த அதே அளவுக்கு ஆயிரமாவது நாள் வரை ஆகும். ஆகவே மின்விசிறி இடைவெளியையும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தையும் பத்து நாள் கழித்து ஒரு முறையும் மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் அளந்து, போல்ட்டுகளை மறுபடி இறுக்கினால் போதும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, இடப்பக்கத் தாங்கியில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு டார்ச் விளக்கோடு குனிந்து பாருங்கள்.